செருப்போடு மேடையேறியதற்கு ஒரு விளக்கம்

(நம் சமூகக் கூடத்தில் நடந்த சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)

 

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் கூடத்தின் வாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒரு பலகை இருக்கிறது. டைல்ஸ் புதிதாகப் போட்ட வருடம், அந்தப் பலகை வேண்டும் என்று பொதுக்குழுவில் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்று நான் ஒருவன் மட்டும் செருப்போடு நிற்கிறேன். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் என் காலைப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். கவனித்தேன். திமிரில் செய்யவில்லை. காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் செயலாளரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினேன்.

அவர் கொடுத்த தலைப்பு ‘மருத்துவத்தின் வளர்ச்சியும் நாளைய நம்பிக்கையும்’. பெரிய தலைப்பு. நான் டாக்டர் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பாதம் ஒன்றுதான். ஆகவே தலைப்பைத் தலையிலிருந்து இறக்கி, பாதத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை வந்து 17 வருடம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் சாப்பிடுவேன். நம் ஊரில் பிறந்துவிட்டு அதை விடச் சொன்னால் எப்படி? கால் கொஞ்சம் மரத்தாற்போல இருக்கும். பஞ்சின் மேல் நடப்பது போல. வயது ஆகிறது என்று விட்டுவிட்டேன். வலி இருந்தால்தானே டாக்டரிடம் போக வேண்டும், வலிதான் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரம்மா, “தரையெல்லாம் என்னங்க, குங்குமம் கொட்டினாப்பல இருக்கு?” என்று கேட்டார். பார்த்தால் ஹாலிலிருந்து சமையலறை வரை சொட்டுச் சொட்டாக ரத்தம். யாருக்கு என்று தேடினோம். எனக்குத்தான். இடது செருப்பின் அடியிலிருந்து ஓர் ஆணி மேலே ஏறி, விரலுக்குக் கீழே சதையில் இறங்கி இருந்தது. சாதாரண ஆணி இல்லை. ஷூவின் மேல்தோலை லாஸ்டில் இழுத்துப் பிடித்து அடிப்போமே, அந்தச் சின்ன ஆணி. வீட்டில் நான் பொழுதுபோக்காக ரிப்பேர் செய்யும் பெட்டியிலிருந்து விழுந்தது. காலையில் பால் வாங்கப் போனதிலிருந்து அதோடு நடந்திருக்கிறேன். 33 வருடம் என் கையில் புரண்ட ஆணி என் காலில் ஏறியது எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். மருந்து வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ‘அந்தக் காலை ஊன்றி நடக்காதீர்கள்’ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் தினமும் நடந்தே போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். சீழ் எலும்புக்குப் போய்விட்டது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது விரலை எடுத்தார்கள். ஒரு விரலோடு போனது என் அதிர்ஷ்டம் என்று அங்கே சொன்னார்கள்.

தையல் பிரித்த பிறகு ஒரு பிசியோதெரபி பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கையில் ஒரு நைலான் நரம்போடு வந்தார். தூண்டில் நரம்பு போல இருந்தது. “கண்ணை மூடிக்கோங்க சார், தொட்டா சொல்லுங்க” என்றார். மூடினேன். காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “எப்பம்மா ஆரம்பிப்ப?” என்று கேட்டேன். “முடிச்சிட்டேன் சார்” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. விரலை எடுத்தபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

பிறகு அவர் ஒரு செருப்பைக் கொண்டு வந்து கொடுத்தார். கறுப்பு, தடித்த அடி, உள்ளே பஞ்சு போன்ற ரப்பர், முன்னும் பின்னும் பட்டை. பார்த்ததும் தள்ளி வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தச் செருப்பை எனக்குத் தெரியும். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் தொழுநோயால் விரல் மடங்கியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காலில் இருந்த செருப்பு அது. “இது அந்த நோய்க்காரங்க போடற செருப்பாச்சே, எனக்கு எதுக்கு?” என்று கேட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. “சார், உங்க காலை எப்படிக் காப்பாத்துறதுன்னு நாங்க அவங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டோம்” என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் பெரும்பகுதி நம் வேலூரில் நடந்த கதை. ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது நமக்கே தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். வெள்ளைக்காரர், ஆனால் 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். டாக்டருக்குப் படிப்பதற்கு முன் தச்சு, கொத்து என்று கட்டட வேலை கற்றவர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கையால் வேலை செய்தவனுக்குப் பொருளின் குணம் தெரியும். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு எலும்பு அறுவை டாக்டராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டினார். நூற்றுக்கணக்கான மடங்கிய கைகள். தோலைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, கையைப் பற்றி ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை என்று பிராண்ட் கேட்டார். இதுவரை எலும்பு டாக்டர் யாரும் வரவில்லை என்பதுதான் பதில்.

மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரிடம், என் கையை இறுக்கிப் பிடி என்றாராம் பிராண்ட். அவர் பிடித்த பிடியில் இவர் கை வலித்தது. அப்படியானால் கை முழுதும் செத்துப்போகவில்லை, சில தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று புரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த இடத்துக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். அதைச் செய்தும் காட்டினார். பாகாயத்தில் கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் என்று சில குடிசைகள் போட்டு, அறுவை முடிந்தவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்.

பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். நாமும் அப்படித்தானே நினைத்தோம்? பிராண்டுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து, நான் திறக்கிறேன் என்று சாவியைத் திருகித் திறந்துவிட்டான். எவ்வளவு பலம் என்று ஆச்சரியப்பட்டுக் கையைப் பார்த்தால், சாவி அழுத்தி விரல் எலும்பு வரை கிழிந்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. சாதாரண ஆள் என்றால் வலி பாதியிலேயே நிறுத்தியிருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். துப்பறிவது போல. சுத்தியல் பிடி உரசியது, சுட்ட பாத்திரத்தைத் தொட்டது, தூங்கும்போது எலி கடித்தது. ஆமாம், எலிதான். சில விரல்கள் இரவில் காணாமல் போனதற்கு எலி காரணம். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பியது. ஆக, சதை தானாக அழுகவில்லை. நோய் நரம்பைக் கொன்றது, வலி போனது, பிறகு காயம் மேல் காயமாகப் பட்டு விரல் போனது.

இதைப் படித்த இடத்தில் நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தேன். அதே கதை. அவர்களுக்குக் கிருமி செய்ததை எனக்குச் சர்க்கரை செய்திருக்கிறது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை அடி வைப்பீர்கள்? ஐயாயிரம் என்று வையுங்கள். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழுந்தால் எந்தத் தோலும் புண்ணாகும். உங்களுக்கும் எனக்கும் கல்யாண வீட்டில் புது ஷூ போட்டு அரை நாள் நின்றால் என்ன ஆகும்? லேசாக வலிக்கும். நமக்கே தெரியாமல் எடையை மற்றக் காலுக்கு மாற்றுவோம், பாதத்தைச் சாய்த்து வைப்போம், ஓரத்தில் நடப்போம், முடியாமல் போனால் கழற்றிவிடுவோம். இதையெல்லாம் வலி செய்கிறது. வலி இல்லாதவன் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே மாதிரி நடப்பான். ஒரே எலும்பின் கீழே, ஒரே இடத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கும். முதலில் சிவக்கும், பிறகு சூடாகும், பிறகு உள்ளே கொப்புளம், கடைசியில் புண். பிராண்ட் கண்டது இதைத்தான். புண்ணுக்கு மருந்து தேடுவதைவிட அழுத்தத்தைப் பரப்புவது முக்கியம்.

பரப்புவது எப்படி? உள்ளே மெத்தென்ற ரப்பர், வெளியே ஆணி ஏறாத கெட்டியான அடி. அந்த உள்ரப்பருக்குத்தான் எம்.சி.ஆர். என்று பெயர், நுண்ணறை ரப்பர். ஷோர் கணக்கில் 15 அளவு மென்மை. தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும், நம் சாதாரண அடி ரப்பர் அதைவிடப் பல மடங்கு கெட்டி. வேலூரிலும், காட்பாடியைத் தாண்டி கரிகிரியில் 1955ல் தொடங்கிய ஷீபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் இப்படிச் செருப்பு செய்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி செய்து பழகினார்கள். புண் வந்தவர்களுக்குப் பாதம் முழுக்க ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாக விழும்படி நடக்கவைத்தார்கள். பல வருடம் ஆறாத புண் சில வாரத்தில் ஆறியது. கவனியுங்கள், இதில் புது மருந்து எதுவும் கிடையாது.

அந்தக் காலத்து வேலூரைப் பற்றிப் பேசும்போது டாக்டர் மேரி வர்கீஸ் பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது அவர் முயற்சியால். உணர்வில்லாத உடம்பை எப்படிக் காப்பது என்று அவருக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதே 1966ல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார், லூசியானாவில் கார்வில் என்ற தொழுநோய் மருத்துவமனைக்கு. அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்ததும் அவருக்குப் பழகிய புண்ணாகத் தெரிந்தது. சர்க்கரைக்காரருக்கு ரத்த ஓட்டம் கெட்டதால் புண் ஆறாது, காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் இருந்த காலம் அது. ரத்த ஓட்டக் கோளாறும் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பலருக்கு அழுத்தத்தைக் குறைத்தால் புண் ஆறும் என்று அவர் காட்டினார். மாவுக்கட்டு, மெத்தென்ற செருப்பு, அந்த நைலான் நரம்புப் பரிசோதனை எல்லாம் இப்படித்தான் உலகமெங்கும் சர்க்கரைப் பாதத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த நரம்பு 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. அது தொட்டும் தெரியவில்லை என்றால் உங்கள் பாதத்துக்குக் காவல் போய்விட்டது என்று பொருள்.

தொழுநோய்க்கு மருந்தே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. முன்பு நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள், வலிதான் மிச்சம். 1940களில் டாப்சோன் வந்தது. நல்ல மருந்து, ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும், கிருமியும் அதற்குப் பழகிக்கொண்டது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. அந்தக் கூட்டு மருந்தைச் சோதித்துப் பார்த்த இடங்களில் கரிகிரியும் ஒன்று. இன்று ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் இலவசமாக மாத்திரை, முடிந்தது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நோயாளிகள் உட்கார்ந்திருந்த காட்சியே தெரியாது. மருத்துவ வளர்ச்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நோய் அறவே போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். நாட்டில் இன்றும் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உணர்வில்லாத தேமல் இருந்தால் காட்டிவிடுங்கள்.

ஆனால் மாத்திரை கிருமியைக் கொல்லும். போன நரம்பைத் திருப்பித் தராது. நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த இடம்தான்.

சர்க்கரைக்கும் அப்படித்தான். 1922 ஜனவரியில் கனடாவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் முறையாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் அவனைப் போன்ற பிள்ளைகள் பட்டினி போட்டதுபோல மெலிந்து இறந்துபோவார்கள். இன்சுலின் வந்ததால் மனிதர்கள் பல வருடம் வாழ்கிறார்கள். பல வருடம் வாழ்வதால் கால் நரம்பு கெடும் அளவுக்கு நாளாகிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. ஆனால் இன்றைக்கும் சர்க்கரையால் செத்த கால் நரம்பைப் பிழைக்க வைக்கும் மருந்து ஒன்றுமே கிடையாது. எரிச்சல் தெரியாமலிருக்க மாத்திரை உண்டு. புண்ணை ஆற்ற உதவும் வளர்ச்சிக் காரணி ஜெல்லுக்கு 1997ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கியூபாவில் 2006ல் புண்ணுக்குள்ளேயே ஊசி போடும் ஒரு மருந்து வந்தது. இவை புண்ணுக்கு. உணர்வுக்கு இல்லை. யாராவது உங்களிடம் மூலிகை எண்ணெய், மின்சார மேட், காந்தச் செருப்பு என்று நரம்பை எழுப்பித் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். நான் 6,500 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன், பரண் மேல் இருக்கிறது. வேண்டுமென்றால் பார்க்க வாருங்கள்.

இழந்த வலிக்குப் பதிலாகச் செயற்கை வலி செய்தால் என்ன என்று பிராண்டே முயன்றிருக்கிறார். கார்வில்லில், அழுத்தத்தை அளக்கும் சின்னச் சின்னக் கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் வைத்தார்கள். அழுத்தம் அதிகமானால் சத்தம் வரும். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. சரி என்று, உணர்வு இருக்கும் அக்குளில் லேசாக மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஏதாவது கடினமான வேலை வந்தால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைச் செய்தார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என் வீட்டுக்காரம்மா சொன்னார், “நீங்களும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க.” உண்மை. பல வருட முயற்சியைக் கைவிட்டார்கள்.

இப்போது நிலைமை மாறுகிறது. கருவிகள் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டன. உள்ளடியில் அழுத்தம் அளக்கும் ஷூ, வெப்பம் அளக்கும் காலுறை எல்லாம் வெளிநாட்டில் வர ஆரம்பித்திருக்கின்றன. புண் வருவதற்குச் சில நாள் முன்பே அந்த இடம் சூடாகும் என்று சொன்னேனே, அதை வைத்துத்தான். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை அளந்து பார்த்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் நடையைக் குறைக்க வேண்டும். இப்படித் தினமும் பார்த்துக்கொண்டவர்களுக்குப் புண் வருவது வெகுவாகக் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு ராக்கெட் வேண்டாம், தோல் மேல் வைக்கும் தெர்மாமீட்டர் போதும். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர் நாம். இப்படி ஒரு ஷூ ஆம்பூரிலிருந்து ஏன் போகக்கூடாது? இங்கே கம்பெனி வைத்திருக்கும் தம்பிமார்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

அப்படியானால் நரம்பே திரும்ப வரும் நாள் வராதா? வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் மறுபடியும் அதே பாகாயம். அங்கே ஸ்டெம் செல் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. ஹீமோபிலியா கேள்விப்பட்டிருப்பீர்கள். ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் பிறவியிலேயே இல்லாத நோய். முட்டியில் ரத்தம் கசிந்து கசிந்து மூட்டே போய்விடும். வாழ்நாள் முழுக்க ஊசி. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் வேலூர் டாக்டர்கள் ஐந்து பேருக்கு ஒரு சிகிச்சை செய்தார்கள். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, தீங்கு செய்ய முடியாதபடி மாற்றிய வைரசை வண்டியாக வைத்து, இல்லாத மரபணுவை அதற்குள் ஏற்றி, உடம்புக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து பேரும் 22 முதல் 41 வயது வரை உள்ளவர்கள். எல்லோரையும் சேர்த்து 81 மாதம் கண்காணித்ததில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு வரவில்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் இதழில் வெளியானது. அந்த இதழில் ஒரு கட்டுரை வருவது என்றால் டாக்டர்கள் மத்தியில் எவ்வளவு பெரிய விஷயம் என்று முகாமுக்கு வந்திருக்கும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தே பேர்தான். இன்னும் எத்தனை வருடம் நிலைக்கும் என்று பார்க்க வேண்டும். கீமோதெரபி மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது, லேசான சிகிச்சை இல்லை. ஹீமோபிலியாவின் இன்னொரு வகைக்கு அமெரிக்காவில் விற்கும் மரபணு மருந்தின் விலை 35 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 30 கோடி. அதனால்தான் அதை இங்கேயே செய்யக் கற்றுக்கொள்வது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ரப்பரும் பூனையும் வைத்துத் தொடங்கிய ஊரில் எழுபது வருடத்தில் மரபணுவை மாற்றி வைக்கிறார்கள். நரம்புக்கு ஒரு வழி பிறக்கும்போது அது எந்த ஊரில் பிறந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அது வரும் நாளில் ஏற்றிக்கொள்ள எனக்குக் கால் இருக்க வேண்டுமே! மீதி ஒன்பது விரலையும் அதுவரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அந்தக் கறுப்புச் செருப்பை முதல் மூன்று மாதம் வீட்டுக்குள் மட்டும் போட்டேன், வெட்கம். பிறகு பேட்டர்ன்காரன் புத்தி வேலை செய்தது. ஒரு கேஷுவல் ஷூவுக்கு நாமே பேட்டர்ன் வெட்டினால் என்ன? எம்.சி.ஆர். தடிமனுக்கு உள்ளே இடம் விட்டு ஆழத்தைக் கூட்டினேன், விரல் பக்கம் அகலம் விட்டேன், விரல் மேல் தையல் எதுவும் வராதபடி மேல்பாகத்தை ஒரே துண்டாக வெட்டினேன், லேசுக்குப் பதில் வெல்க்ரோ. ஆஸ்பத்திரியில் காட்டி, அவர்கள் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னதைத் திருத்தி, இப்போது வெளியே அதுதான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இன்று வேண்டுமென்றேதான் பழைய கறுப்புச் செருப்பைப் போட்டு வந்தேன், நீங்கள் பார்க்க வேண்டும் என்று.

ராத்திரி படுக்கும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். எனக்குக் கண் சரியில்லாத நாளில் பேத்தி பார்த்துச் சொல்வாள், “தாத்தா, நோ டேமேஜ்” என்று. ஷூவைப் போடும் முன் தட்டிக் கவிழ்த்துக் கையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். மே மாதத்தில் வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குப் போவதென்றால் விடிகாலையில், தடித்த காலுறையோடு. மதியத்தில் அந்தக் கல் மேல் கால் வைத்தால் தோல் வெந்துவிடும், நமக்குத் தெரியாது. பள்ளிவாசல் போகும் பாய்மார்கள் ஒளூ செய்த பிறகு விரலிடுக்கை நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஈரம் நின்றால் அங்கேதான் வெடிக்கும். ஆணிக்கால் வந்தால் பிளேடு எடுத்து நீங்களே சீவாதீர்கள். இதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், டேனரியில் தோல் சீவிய கை சும்மா இருக்காது.

சர்க்கரை இருக்கும் எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை அந்த நரம்புப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் பார்க்கிறார்கள். இன்று இங்கேயும் அந்த மூலையில் நாற்காலி போட்டிருக்கிறது, இரண்டு நிமிடம்தான். கண்ணை மூடிக்கொண்டு, பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். தொட்டது தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வதில் அவமானம் இல்லை.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று காலையில் பதிவேட்டில் பார்த்தேன். 64 பேர் வந்ததில் 23 பேர். அந்த 23 பேரின் செருப்பும் இப்போது வெளியே வெயிலில் கிடக்கிறது. திரும்பப் போகும்போது அந்தப் படிக்கட்டுக் கல் எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். வாசல் பலகையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: ‘சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலணியோடு வரலாம்’. டைல்ஸ் அழுக்காகும் என்றால், உள்ளே மட்டும் போட்டுக்கொள்ள ஒரு அலமாரியில் பத்து ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வைக்கலாம். அளவெடுத்து வெட்டித் தருவது என் பொறுப்பு, கூலி வேண்டாம். ரப்பர் ஷீட்டுக்கு மட்டும் சங்க நிதியிலிருந்து பணம் ஒதுக்கும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வருகிறேன். ஏ பிளாக்கிலிருந்து யாராவது வழிமொழியுங்கள்.